நாற்காலிய கொஞ்சம் தள்ளிப் போடுங்க: நம்மூர்ல தமிழ் இசை நிகழ்ச்சி நடத்துறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சிங்கப்பூர்ல தமிழ் இசை நிகழ்ச்சி ஏற்பாடு பண்ற அண்ணன்மார், அக்காமார், வேலை முடிஞ்சு வந்து ராத்திரி பத்து பதினொரு மணி வரைக்கும் ஓடியாடுற தொண்டூழியர்கள் எல்லாருக்கும்தான் இந்த மடல். யார் பேரையும் போடப் போறதில்ல, அந்த ஹால் பேரையும் சொல்லப் போறதில்ல, ஏன்னா இது ஒரு நாள் ஒரு இடத்துல மட்டும் நடந்த விஷயம் இல்ல. ஆனா போன மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி நான் பாத்ததுதான் இத எழுத வச்சது. அன்னிக்கு வீட்டுக்கு வந்து படுத்தும் தூக்கம் வரல. நல்லா இல்லாம போயிருந்தா கூட விட்டிருப்பேன், அவ்வளவு நல்லா இருக்க வேண்டிய ஒண்ணு கண்ணு முன்னாடியே கைய விட்டுப் போச்சே, அதான் தாங்கல.

நான் செங்காங்ல இருக்கேன், ஆஸ்பத்திரில ஷிஃப்ட் வேலை, பதினஞ்சு வயசுல இருந்து ராக் கேக்குறேன். என் தம்பி டிரம்ஸ் வாசிப்பான். அன்னிக்கு மேடை ஏறினது ஒரு தமிழ் ராக் பேண்டு, அந்தப் பசங்க நாலு பேரும் இங்கேயே பொறந்து வளர்ந்தவங்க, சொந்தமா தமிழ்ல எழுதி சொந்தமா மெட்டு போட்டு வாசிக்கிறவங்க. டிரம்ஸ் வாசிக்கிற பையன் இப்பதான் தேசிய சேவை முடிச்சிருக்கான், ரெண்டு வருஷமா சனி ஞாயிறு கேம்ப்ல இருந்து வெளிய வந்ததும் வீட்டுக்குக் கூட போகாம நேரா ஜாமிங் ஸ்டூடியோவுக்குப் போனவன்னு தம்பி சொன்னான். மணிக்கு இவ்வளவுன்னு கைக்காசு கொடுத்து ஒத்திகை பாத்த பசங்க. 25 வெள்ளி டிக்கெட், நானும் தம்பியும் அம்மாவும் போனோம். அம்மாவுக்கு முட்டி வலி, ஆனா "தமிழ்ல பாடுறாங்களாம்ல, நானும் வரேன்"னு கிளம்பிட்டாங்க.

உள்ள போனதும் முதல்ல கண்ணுல பட்டது நாற்காலி. மேடை விளிம்புல இருந்து ரெண்டு மீட்டர் கூட இருக்காது, அங்க ஆரம்பிச்சு கடைசி சுவர் வரைக்கும் வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி வரிசை வரிசையா. ஒவ்வொரு நாற்காலி காலையும் பக்கத்து நாற்காலி காலோட கேபிள் டை போட்டு இறுக்கி வச்சிருந்தாங்க, யாரும் நகத்தக் கூடாதுன்னு. முதல் வரிசைல மட்டும் துணி போட்ட நாற்காலி, முன்னாடி சின்ன மேஜை, தண்ணி பாட்டில், அது சிறப்பு விருந்தினர்களுக்கு. அவங்க வந்தது எட்டே முக்காலுக்கு. டிக்கெட்ல போட்டிருந்தது ஏழரை.

ஆனா ஒண்ணு சொல்றேன், விளக்கு அணைஞ்சு அந்த முதல் பாட்டு ஆரம்பிச்ச விதம் இருக்கே! பேஸ் கிட்டார் மட்டும் தனியா, ஒரே ஸ்வரம், திரும்பத் திரும்ப, மெதுவா. பேஸ் கிட்டாரோட அடித் தந்தி கிட்டத்தட்ட 41 ஹெர்ட்ஸ்ல அதிரும், அவ்வளவு கீழ இறங்கிட்டா அது காதுக்குள்ள போற சத்தமா மட்டும் இருக்காது, தரை வழியா பாதத்துல ஏறும், நெஞ்செலும்பு மேல வந்து உக்காரும். நான் உக்காந்திருந்த நாற்காலியோட முதுகு விர்ருன்னு அதிர்ந்தது, மடியில வச்சிருந்த தண்ணி பாட்டில்ல தண்ணி வட்டம் வட்டமா சுத்துறத பாத்தேன். அப்புறம் டிரம்ஸ் உள்ள விழுந்தது. அந்தப் பையன் ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி ஒரே அடி. நான் எப்ப எந்திரிச்சேன்னு எனக்கே தெரியாது, நெசமா சொல்றேன், கால் தானா எந்திரிச்சிடுச்சு, பாத்தா எனக்கு முன்னாடி ஒரு பத்து பசங்க எந்திரிச்சிருக்காங்க, பின்னாடி ஒரு கூட்டம் எந்திரிச்சிருக்கு, எல்லாரும் தலைய ஆட்டிக்கிட்டு நாற்காலிக்கும் நாற்காலிக்கும் நடுவுல அரை அடி இடத்துல நிக்குறாங்க.

ரெண்டாவது பாட்டு பாதிலேயே தோள்ல ஒரு கை. தொண்டூழியர் சட்டை போட்ட ஒரு பெரியவர். "உக்காருமா, பின்னாடி மறைக்குது." மரியாதையாதான் சொன்னார், அவர் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, அவர்கிட்ட அப்படிச் சொல்லச் சொல்லியிருக்காங்க. நான் உக்காந்துட்டேன். ஒவ்வொருத்தரா தோள தொட்டு தொட்டு உக்கார வச்சுக்கிட்டே போனார். மேடைல இருந்து பாடுற பையன் இத பாத்துக்கிட்டே பாடுறான். அவன் முகத்த நான் பாத்தேன். முன்னாடி எந்திரிச்ச கூட்டத்த பாத்து அவன் முகத்துல ஒரு சிரிப்பு வந்துச்சு, எல்லாரும் ஒவ்வொருத்தரா கீழ இறங்க இறங்க அந்தச் சிரிப்பும் இறங்கிப் போச்சு, அதுக்கப்புறம் அவன் கூட்டத்த பாக்கவே இல்ல, கீழ கிட்டார பாத்துக்கிட்டே பாடினான்.

சரி, அதோட முடிஞ்சதா? நாலாவது பாட்டு முடிஞ்சதும் விளக்கெல்லாம் போட்டுட்டாங்க. பொன்னாடை. பாட்டு பாதி, பேச்சு பாதி. ஒருத்தர் மாத்தி ஒருத்தர் பேச, பசங்க நாலு பேரும் வாத்தியத்த கழுத்துல மாட்டிக்கிட்டே வரிசையா நிக்குறாங்க. பேஸ் வாசிக்கிற பையனுக்கு பொன்னாடை போத்தினாங்க, அது அவன் கிட்டாரோட தந்தி மேல விழுந்து மூடிக்கிச்சு, கழட்டினா மரியாதையா இருக்காதுன்னு அவனும் அப்படியே நின்னான், கை மட்டும் துணிக்கு அடியில தந்திய அமுக்கிப் பிடிச்சிருந்துச்சு, சத்தம் வந்துடக் கூடாதுன்னு. இருபத்தஞ்சு நிமிஷம். அந்த நேரத்துல கிட்டார் எல்லாம் சுதி இறங்கிப் போச்சு, விளக்கு சூடும் ஏர்கான் குளிரும் மாறி மாறிப் பட்டா தந்தி அப்படித்தான் பண்ணும். திரும்ப சுதி சேக்க அஞ்சு நிமிஷம். பத்தரைக்கு ஹால காலி பண்ணணும். கடைசில ரெண்டு பாட்டு பாடாமலே முடிச்சிட்டாங்க. அதுல ஒண்ணு, என் தம்பி மாசக்கணக்கா வீட்டுல மேஜைல தட்டித் தட்டி பழகிக்கிட்டு இருந்த பாட்டு, அது ஒண்ணுக்காகவே வந்தான் அவன். வீட்டுக்கு வர்ற வழியில எம்ஆர்டில அவன் ஒரு வார்த்தை பேசல.

நீங்க கெட்ட எண்ணத்துல இதெல்லாம் பண்ணலன்னு எனக்குத் தெரியும். ஹால் வாடகை, அனுமதி, ஸ்பான்சர், இதெல்லாம் எவ்வளவு பாடுன்னும் கொஞ்சம் தெரியும். சினிமாப் பாட்டுக் கச்சேரி, பட்டிமன்றம், நாட்டியம் எல்லாத்துக்கும் பழகின ஒரு அமைப்பு இருக்கு, அதே அமைப்புல ராக் பேண்டையும் கொண்டு வந்து உக்கார வச்சிட்டீங்க. நான் கேக்க வர்றது ஒண்ணே ஒண்ணுதான். ராக் பேண்ட கூப்பிட்டா, நிக்க இடம் கொடுங்க. மத்ததெல்லாம் அதுல இருந்து தானா வரும்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்னு கேப்பீங்க. 2013 ஆகஸ்ட் 24-ம் தேதி சாங்கி கண்காட்சி மையத்துல மெட்டாலிகாங்கற அமெரிக்க மெட்டல் பேண்டு, அதாவது ராக்லயே ரொம்ப கனமான வகை வாசிக்கிறவங்க, வந்தாங்க, 1993-க்கு அப்புறம் 20 வருஷம் கழிச்சு இங்க வந்தாங்க. அது என்னோட முதல் பெரிய நிகழ்ச்சி. திறந்த வெளி, வெக்கை, சாயங்காலத்துல இருந்து நின்னு நின்னு கால் வீங்கிப் போச்சு, தண்ணிக்கு வரிசை, கழிவறைக்கு வரிசை, எல்லாம் இருந்தது. ஆனா அவங்க மேடைக்கு வர்றதுக்கு முன்னாடி எப்பவும் போடுவாங்களே, இத்தாலிய சினிமா இசையமைப்பாளர் என்னியோ மோரிக்கோனேவோட அந்த இசை, அது ஆரம்பிச்சதும் எனக்குப் பக்கத்துல நின்ன ஒரு மலாய் அண்ணன், ஐம்பது வயசு இருக்கும், நரைச்ச முடி, கண்ண மூடிக்கிட்டு அந்த மெட்ட வாய்விட்டு பாட ஆரம்பிச்சார், அவருக்கு அந்தப் பக்கம் ஒரு சீனப் பொண்ணு, அவளும் பாடுறா, நானும் பாடுறேன், வார்த்தையே இல்லாத இசை அது, ஆனா ஆயிரக்கணக்கான தொண்டை ஒண்ணா பாடுது. யாருக்கும் யாரையும் தெரியாது. கூட்டம் முன்னாடி சாஞ்சா நானும் சாயுறேன், பின்னாடி வந்தா நானும் வரேன், நடுவுல ஒரு பையன் செருப்பு கழண்டு விழுந்துட்டான், நாலு பக்கத்துல இருந்தும் நாலு கை வந்து தூக்கி விட்டுச்சு, ஒருத்தர் அவன் செருப்ப தேடி எடுத்து தலைக்கு மேல தூக்கிக் காட்டினார். இத்தன பேருக்கு நடுவுல ஒருத்தி தனியா போயிருந்தேன், ஒரு நிமிஷம் கூட பயம் வரல.

அது காசு போட்டுப் பாத்த பெரிய பேண்டு, நம்மால முடியுமான்னு சொல்லாதீங்க. எஸ்பிளனேட் கலை அரங்கத்துல 2002-ல இருந்து பேபீட்ஸ் நடக்குது, நம்மூர் பேண்டுக வாசிக்கிற இலவச விழா, கடல் காத்து வாங்கிக்கிட்டே கேக்கலாம். அங்க போய் ஒரு தடவ பாருங்க. முன்னாடி நிக்கிறவங்க நிப்பாங்க, பின்னாடி படியில உக்காந்து பாக்குறவங்க பாப்பாங்க, குழந்தைய தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு காதுல பெரிய காதடைப்பான் மாட்டி விட்டிருக்குற அப்பா அம்மா இருப்பாங்க. யாரும் யாரையும் தோள தொட்டு உக்கார வைக்கிறதில்ல. தமிழ்ல அப்படி ஒரு ராத்திரி நமக்கு எப்ப வரும்னு ஒவ்வொரு தடவையும் நினைச்சுக்கிட்டே திரும்பி வருவேன்.

நின்னு கேக்குறது நம்ம பழக்கம் இல்ல, வெள்ளைக்காரன் பழக்கம்னு யாராவது சொன்னா அத மட்டும் ஒத்துக்கவே மாட்டேன். உறுமிய யாராவது உக்காந்து கேட்டிருக்கோமா? பறைய? கோயில்ல சாமி புறப்பாட்டுக்கு தவில் முன்னாடி போகும்போது யாராவது நாற்காலி போட்டாங்களா? தைப்பூச ஊர்வலத்துல 1973-ல இருந்து மேளம் வாசிக்கக் கூடாதுன்னு இருந்துச்சு, 2016-ல வழியில மூணு இடத்துல நேரடி இசைக்கு அனுமதி கிடைச்சப்போ நான் அங்க நின்னேன். சிராங்கூன் ரோடு பெருமாள் கோயில்ல இருந்து டேங்க் ரோடு வரைக்கும் கிட்டத்தட்ட நாலு கிலோமீட்டர், அந்த மேளம் கேக்குற இடம் வந்ததும் காவடி தூக்குறவங்க நடையே மாறிப் போச்சு, களைச்சு வந்தவர் காலு தானா ஆட ஆரம்பிச்சது, என் அம்மா, முட்டி வலிக்குதுன்னு சொல்ற அதே அம்மா, ரோட்டோரமா நின்னு கைதட்டி ஆடினாங்க. அதே அதிர்வுதான் இதுவும். டிரம்ஸோட பேஸ் டிரம் அடிக்கிறப்ப நெஞ்சுல விழுற அந்த இடியும் உறுமி இழுக்குறப்ப வயித்துல பிரளுற அந்த இதுவும் வேற வேற இல்ல. உடம்பு கேக்குற இசைக்கு உடம்ப கட்டிப் போடலாமா?

எங்கப்பா இருந்திருந்தா வேற மாதிரி சொல்லியிருப்பார். அவர் தலைமுறைக்கு ராக்னா ஒரு பயம், அதுக்குக் காரணமும் இருந்துச்சு. 1972-ல லெட் ஸெப்பலின்ங்கற பிரிட்டிஷ் ராக் பேண்டு வந்து, நீளமா முடி வச்சிருந்ததால வாசிக்க முடியாம திரும்பிப் போன ஊர் இது. 1974-ல ஆபரேஷன் ஸ்னிப் ஸ்னிப்னு நீள முடிக்கு எதிரா ஒரு இயக்கம், அரசாங்க அலுவலகத்துல எல்லாம் நீள முடி வச்ச ஆண்களுக்கு கடைசியாதான் சேவைன்னு போஸ்டர், காதுக்கு மேல விழுந்தா நீளம், சட்டை காலருக்கு கீழ போனா நீளம்னு படம் போட்டு காட்டுவாங்களாம். அப்பா அந்த போஸ்டர பத்தி அடிக்கடி சொல்லுவார். இளவட்டமா இருந்தப்போ நீளமா முடி வச்சிருந்தவர், வேலை போயிடுமோன்னு அவரே போய் வெட்டிக்கிட்டார். அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் குட்டை முடிதான். நான் கறுப்பு டீ-ஷர்ட் போட்டுக்கிட்டு வெளிய கிளம்பினா ஒரு பார்வை பாப்பார், திட்ட மாட்டார், பாப்பார். அந்தப் பார்வைய நான் இப்ப புரிஞ்சுக்குறேன். ஆனா அந்த போஸ்டர் எல்லாம் கிழிஞ்சு எத்தனையோ வருஷம் ஆச்சு, நம்ம தமிழ் நிகழ்ச்சிக்குள்ள மட்டும் அந்த பயம் இன்னும் நாற்காலி போட்டு உக்காந்திருக்கு.

இதே ஊர்ல 1992-ல ஆரம்பிச்ச பேண்டுதான் ருத்ரா. நம்ம இந்தியப் பசங்க, உபநிடதத்தையும் ஸ்லோகத்தையும் மெட்டல்லயே ரொம்ப கடுமையான டெத் மெட்டலோட சேத்து வேத மெட்டல்னு ஒரு பாணிய உருவாக்கினவங்க, 1998-ல முதல் ஆல்பம். மெட்டல் கேக்குறவன்கிட்ட வெளிநாட்டுல போய் சிங்கப்பூர்னு சொன்னா ருத்ரான்னு திருப்பிச் சொல்லுவான். நம்ம வீட்டு விசேஷத்துல, நம்ம பெரியவங்ககிட்ட அந்தப் பேர சொல்லிப் பாருங்க, எத்தனை பேருக்குத் தெரியுது? ரஹ்மானே சினிமாவுக்கு வர்றதுக்கு முன்னாடி சென்னைல நெமிசிஸ் அவென்யூங்கற ராக் பேண்டுல இருந்தவர்தான். பெங்களூருல அகம்ங்கற பேண்டு கர்நாடக சங்கீதத்த ராக்ல வாசிக்கிறாங்க, சென்னைல 2018 ஜனவரில கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்ங்கற குழு கானாவையும் ராக்கையும் ராப்பையும் ஒண்ணா மேடை ஏத்தினாங்க. எல்லாருக்கும் இடம் கிடைச்சப்போதான் வளர்ந்தாங்க. அன்னிக்கு பொன்னாடைக்கு அடியில தந்திய பிடிச்சுக்கிட்டு நின்ன அந்தப் பையனுக்கும் அந்த இடம் வேணும்னுதான் கேக்குறேன்.

எப்படி பண்றதுன்னு கேட்டா, எல்லா நாற்காலியையும் தூக்கிப் போடச் சொல்லல. என் அம்மா மாதிரி இருக்குறவங்களுக்கு உக்காரத்தான் வேணும். பக்கவாட்டுலயும் பின்னாடியும் கொஞ்சம் உயரமா ஒரு தளம் போட்டு அங்க நாற்காலி வைங்க, சக்கர நாற்காலி ஏறுற மாதிரி சரிவும் வைங்க, அப்ப முன்னாடி யார் நின்னாலும் மறைக்காது. பெரியவங்களுக்கு இன்னும் நல்லா தெரியும். மேடைக்கு முன்னாடி நடுவுல மட்டும் காலியா விடுங்க. பசங்க பாதுகாப்பா நிப்பாங்க, நாலு தொண்டூழியர் ஓரத்துல தண்ணியோட நின்னா போதும். பொன்னாடை போத்துறது நம்ம மரபு, அத விடச் சொல்ல எனக்கு மனசு இல்ல, ஆனா முதல் பாட்டுக்கு முன்னாடியோ கடைசிப் பாட்டு முடிஞ்ச பிறகோ வாத்தியத்த இறக்கி வச்சிட்டு வாங்கிக்கட்டும், நடுவுல வேண்டாம். ஒரு பாட்டுல இருந்து அடுத்த பாட்டுக்குப் போற அந்த மூச்சையும் சேத்துதான் அந்தப் பசங்க ஒத்திகை பாத்திருக்காங்க, அத அறுக்காதீங்க.

ஒலி விஷயம் கொஞ்சம் விளக்கமா சொல்லணும், ஏன்னா அன்னிக்கு பாட்டோட வார்த்தையே கேக்கல, அத பத்தி அம்மாவுக்குத்தான் ரொம்ப வருத்தம், தமிழ்ல பாடுறாங்கன்னு வந்தவங்க அவங்க. கரோக்கி டிராக்குக்கு பாடுறவங்களுக்கு ஒரு மைக் சரி பண்ணா போதும். பேண்டுக்கு அப்படி இல்ல, டிரம்ஸுக்கு மட்டுமே ஏழெட்டு மைக் வைக்கணும், பாடுறவன் குரல் அவனுக்கே கேக்கணும், இல்லன்னா கத்துவான். காலி ஹால்ல எதிரொலிக்கிற சத்தம் ஆள் நிறைஞ்சதும் அடங்கும், அதையும் கணக்கு பண்ணி வைக்கணும். இதுக்கு குறைஞ்சது ரெண்டு மணி நேரம் வேணும். அன்னிக்கு பசங்களுக்கு கொடுத்தது இருபது நிமிஷம்னு தம்பி விசாரிச்சு சொன்னான். வார்த்தை கேக்கலன்னா உடனே சத்தத்த ஏத்துவாங்க, ஏத்துனா காதுதான் போகும். நான் ஆஸ்பத்திரில வேலை பாக்குறவ, அதனால இதையும் சொல்லிடுறேன், 2022-ல உலக சுகாதார நிறுவனம் இசை நிகழ்ச்சிகளுக்கு ஒரு அளவு சொல்லியிருக்கு, 15 நிமிஷ சராசரி 100 டெசிபல தாண்டக் கூடாதுன்னு. காதுல வைக்கிற பஞ்சு மாதிரி அடைப்பான் வாசல்ல ஒரு டப்பால வச்சிருங்க, பெரிய செலவு இல்ல. அத வச்சுக்கிட்டா பாட்டு கெட்டுப் போகாது, மறுநாள் காதுல ஙொய்ங்னு கேக்காது, அவ்வளவுதான்.

அப்புறம் அந்தப் பசங்களுக்கு காசு கொடுங்க. வாய்ப்பு கொடுக்குறோம்னு சொல்லி சும்மா வாசிக்கச் சொல்லாதீங்க.

இவ்வளவு குறை சொன்னேன், ஒண்ணு மட்டும் சொல்லாம விட முடியல. அன்னிக்கு கடைசியா பாடின பாட்டு, பத்தே கால் மணி, இனி நேரம் இல்லன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சு. டிரம்ஸ் பையன் எண்ணாமலே ஆரம்பிச்சிட்டான். முன்னாடி ஒரு பொண்ணு எந்திரிச்சா, அப்புறம் பசங்க, அப்புறம் நான், தம்பி, என் அம்மா நாற்காலி முதுக பிடிச்சுக்கிட்டு மெதுவா எந்திரிச்சு நின்னாங்க. எங்க தோள தொட்டு உக்கார வச்ச அந்தப் பெரியவர் ஓரமா சுவர்ல சாஞ்சு நின்னுக்கிட்டு இருந்தார், வரவே இல்ல. நான் திரும்பிப் பாத்தேன். அவர் கைல ஒரு சுருட்டின நிகழ்ச்சித்தாள், அதால தொடைல தாளம் போட்டுக்கிட்டு இருந்தார், அடி தப்பாம. நாலு நிமிஷம் இருக்குமா அந்தப் பாட்டு? பாடுற பையன் தலைய நிமிர்த்தி எங்கள பாத்துப் பாடினான்.

அடுத்த நிகழ்ச்சில அந்த நாலு நிமிஷம் ரெண்டு மணி நேரமா இருக்கட்டும். நாற்காலி அடுக்க ஆள் வேணும்னா சொல்லுங்க, நானும் தம்பியும் மத்தியானமே வந்துடுறோம், கேபிள் டை வெட்ட கத்திரிக்கோலும் கொண்டு வரேன். அம்மாவுக்கு பக்கவாட்டு தளத்துல ஒரு இடம் மட்டும் பிடிச்சு வைங்க.

அன்புடன்,
செங்காங்ல இருந்து ஒரு ரசிகை